அட்டை உண்டு, வைத்தியர் எங்கே? குடும்ப வைத்தியரைத் தேடிய வரலாறு

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் பெரியோர் வாக்கு. அச்செல்வம் குன்றிய வேளையில் யாரை நாடுவது என்பதையும் நம் முன்னோர் எண்ணாது விட்டாரல்லர். மருத்துவம் என்பது நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன் என்னும் நான்கு கூறுகளையுடையது எனத் திருவள்ளுவனார் வகுத்துரைத்தார். இந்நான்கும் ஒருங்கே கூடினாலன்றி நோய் தீராது என்பது அவர்தம் கருத்து. ஆயின் அவர் காலத்துக்குப் பின் ஐந்தாவதாக ஒரு கூறும் வந்து சேர்ந்துள்ளது. அதுதான் கூலி கொடுப்பவன். வைத்தியருக்குரிய கூலியை நோயாளி கொடுப்பதா, ஊர் கொடுப்பதா, அரசாங்கம் கொடுப்பதா என்னும் வினா கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக உலகையே ஆட்டி வைத்திருக்கின்றது. அவ்வினாவின் வரலாற்றை, எம் சிற்றூராகிய புளியங்கூடலின் திண்ணையிலிருந்து நோக்க முயல்வதே இக்கட்டுரை. மிஷன் பாடசாலையொன்றிற் பயின்று, இப்பொழுது பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் சிறியேனின் இம்முயற்சியிற் காணும் குறைகளைப் பெரியோர் பொறுத்தருள்வாராக.

இரண்டு வீடுகள், ஒரு குறை

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது தொலைபேசியில் நான் கேட்ட ஓர் உரையாடலாகும். என் பெரியமாமா கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழ்பவர். 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது ஊரை விட்டுச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். அவருக்கு வைத்தியம் பார்த்து வந்த குடும்ப வைத்தியர் முதுமை காரணமாக இளைப்பாறி விட்டார். அன்று முதல் மாமா புதியதொரு வைத்தியரைத் தேடியலைகிறார். கேட்குமிடமெல்லாம் "புதிய நோயாளரைச் சேர்ப்பதில்லை" என்னும் விடையே கிடைக்கின்றது. "அம்மா, அரசாங்கம் தந்த காட் சட்டைப் பைக்குள்ளை கிடக்கு. அதைக் காட்டத்தான் ஒரு டாக்குத்தர் இல்லை" என்றார் அவர். அதற்கு என் அம்மம்மா, "இஞ்சை எனக்குக் காட்டும் இல்லை, காசும் இல்லை மேனை. டாக்குத்தர் இருக்கிறார். ஆனால் போற ஒவ்வொரு முறையும் வேறை ஆள்" என்றார்.

இருவரும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அதற்கு இரண்டு மாதங்களின் முன்னரே அம்மம்மா முற்றத்தில் மயங்கி விழுந்திருந்தார். காரணம் யாதென ஆராய்ந்தபோது, ஓரிடத்தில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த குளிசையும், பிறிதோரிடத்தில் வேறு பெயரிற் கொடுத்த குளிசையும் ஒரே மருந்தென்பது தெரியவந்தது. அவர் இரண்டையும் தவறாது விழுங்கி வந்திருக்கிறார். இரண்டு வைத்தியரும் கற்றவரே. இரண்டு மருந்துத் துண்டும் சரியானவையே. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதற்குத்தான் ஆளில்லை. காசு கொடுக்க ஒருவர் இருப்பது வேறு, நம்மை அறிந்த வைத்தியர் ஒருவர் இருப்பது வேறு என்பதை அன்று உணர்ந்தேன். இவ்விரண்டும் எப்பொழுது ஒன்றாயிருந்தன, எப்பொழுது பிரிந்தன?

பரிகாரியார் காலம்

யாழ்ப்பாணத்து மருத்துவ மரபு பழைமை வாய்ந்தது. அரசர் காலத்து மருத்துவ நூல்களான பரராசசேகரமும் செகராசசேகரமும் அதற்குச் சான்று. நாட்டு வைத்தியம் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு என வழிவழியாக வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பரிகாரியார் இருந்தார். பாட்டனின் நாடியைப் பிடித்தவரின் மகனே பேரனின் நாடியையும் பிடித்தார். இன்ன வீட்டில் இழுப்பு உண்டு, இன்ன வீட்டிற் பித்தம் மிகும் என்பன அவருக்கு மனப்பாடம். கூலியோ பெரும்பாலும் விளைந்த பொருளாகவே இருந்தது. நெல்லும் தேங்காயும் மரக்கறியும் பரிகாரியார் வீட்டுக்குச் செல்லும். இல்லாதவர் கும்பிட்டு விட்டு வருவர்.

இம்முறையை அளவுக்கு மிஞ்சிப் புகழ்தல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. பேதி என்னும் வாந்திபேதி வந்தபோதும், அம்மாள் வருத்தம் என நாம் அஞ்சிய பெரியம்மை வந்தபோதும் ஊர்கள் வெறுமையாயின. மாரியம்மன் கோவில்கள் ஊர்தோறும் எழுந்தமைக்கு அவ்வச்சமும் ஒரு காரணம். பெரியம்மை உலகினின்றும் ஒழிந்துவிட்டதென 1980 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அது தடுப்பூசியின் வெற்றியேயன்றிப் பழைய மருந்தின் வெற்றியன்று. அன்றியும், பிறப்பால் தாழ்த்தப்பட்டோரின் படலையைத் தாண்டி எல்லாப் பரிகாரியாரும் சென்றனர் என்று கூறவும் இயலாது. எனினும் நோயாளியை அறிந்த வைத்தியரும், வைத்தியரை அறிந்த நோயாளியும் என்னும் உறவு அக்காலத்துச் செல்வமாகும்.

மானிப்பாயில் ஒரு வைத்தியர்

ஐரோப்பிய வைத்தியத்தை யாழ்ப்பாணத்தில் வேரூன்றச் செய்தவர்கள் அமெரிக்க மிஷனரிமார். 1820 அளவில் வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிற் பணியாற்றத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்களுள் தலைசிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த அவர், 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். நம் ஆறுமுக நாவலரும் அதே 1822 ஆம் ஆண்டிற் பிறந்தவரே என்பது கருதத்தக்கது.

கிறீன் வைத்தியர் மதம் பரப்பவே அனுப்பப்பட்டவர். அதை அவர் மறைத்ததுமில்லை. நாவலர் வழிவந்த நம்மவர் அதனை எதிர்த்ததும் முறையே. ஆயினும் அவர் செய்த ஒரு காரியத்தை எச்சமயத்தவரும் போற்றாதிருக்க முடியாது. வைத்தியம் ஆங்கிலத்திலேயே இருந்தால் அது ஊரைச் சென்றடையாது என அவர் கண்டார். 1862 இல் இரண்டாம் முறை இலங்கைக்கு வந்தபின் தமிழிலேயே வைத்தியம் போதிக்கலானார். மாணவர் வேட்டியும் தலைப்பாகையும் விடுத்து ஐரோப்பியரைப் போல் உடுத்தலை அவர் விரும்பவில்லை. அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் எனப் பல துறை நூல்களைத் தமிழாக்கியும் தொகுத்தும் வெளியிட்டார். அவரும் அவர் மாணாக்கரும் ஆக்கிய தமிழ் மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர். 1873 இல் தாய்நாடு திரும்பிய அவர் 1884 இற் காலமானார்.

தம் மாணாக்கர் ஊரவர் மொழியில், ஊரவர் உடையில், ஊரவரிடையே வைத்தியம் செய்ய வேண்டும் என்பதே கிறீனின் நோக்கமாக இருந்தது. பரிகாரியார் இருந்த திண்ணையிற் புதிய வைத்தியர் வந்தமர வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்? குடும்ப வைத்தியர் என இன்று நாம் கூறும் கருத்தின் முளை மானிப்பாயிலேயே உள்ளது எனல் மிகையாகாது.

இனி, கூலி கொடுப்போர் யாவர் எனப் பார்ப்போம். மிஷன் வைத்தியத்துக்கு அமெரிக்கத் திருச்சபையாரின் நன்கொடை உதவிற்று. யாழ்ப்பாணப் பட்டினத்திலோ, அரசாங்க ஏசண்டாக விளங்கிய பேர்சிவல் அக்லண்ட் டைக் துரையின் முயற்சியால் 1850 இல் 'பிறென்ட் இன் நீட்' சங்கத்தின் ஆசுப்பத்திரி தோன்றியது. அச்சங்கம் ஊர்ப் பெரியாரின் கொடைப் பணத்தைத் தாங்கி நின்றது. கிறீன் வைத்தியரும் அங்கு பணியாற்றினார். 1907 இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. இன்று நாம் பெரியாசுப்பத்திரி என்று அழைக்கும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தோற்றம் இதுவே. நன்கொடையில் தொடங்கிய ஆசுப்பத்திரி வரிப்பணத்திற் சென்று சேர்ந்தமை கவனிக்கத்தக்கது.

ஒரு பிள்ளையும் ஒரு கடலும்

ஆசுப்பத்திரி பட்டினத்தில் இருந்தது; நாமோ தீவில் இருந்தோம். தீவகத்தையும் பட்டினத்தையும் இணைக்கும் தெரு கடலின்மேல் அமையுமுன் நோயாளி வள்ளத்திலேயே சென்றாக வேண்டும். காற்று மாறினால் வள்ளம் நிற்கும், நோய் நில்லாது. நெடுந்தீவு, நயினாதீவு மக்களுக்கு இந்நிலை இன்றும் முற்றாக நீங்கவில்லை. குறிகட்டுவான் துறைக்கு வந்து சேர்ந்த பின்னரே அவர்கள் வாகனத்தைக் காண்கின்றனர்.

என் அம்மம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான். ஐந்து வயதில் அவனுக்குக் காய்ச்சலும் வலிப்பும் கண்டன. இரவு முழுவதும் பரிகாரியார் இருந்து பார்த்தார். "இது என் கையில் இல்லை, ஊர்காவற்றுறைக்குக் கொண்டு போங்கோ" என்று அவரே கூறினாராம். விடியுமுன் வண்டில் பூட்டினர். சில கட்டை தூரந்தான். அந்தத் தூரத்தைக் கடக்குமுன் பிள்ளை தாயின் மடியில் உயிர் நீத்தது. அம்மம்மா இதனைச் சொல்லும்போது எவரையும் நொந்துகொள்வதில்லை. "அந்தப் பரிகாரியார் எங்கடை வீட்டு முற்றத்திலை இருந்து அழுதவர்" என்று மட்டும் சொல்வார். தம் எல்லையை அறிந்து அனுப்பியவரும், அனுப்பிய பின் அழுதவரும் அவரே. குடும்ப வைத்தியர் என்பதற்கு இதனினும் மேலான இலக்கணத்தை நான் எந்நூலிலும் கண்டிலேன். இல்லாதிருந்தவை வாகனமும் அருகில் ஓர் ஆசுப்பத்திரியுமே.

கூட்டுறவும் அரசாங்கமும்

இக்குறையை நீக்க இரண்டு வழிகள் தோன்றின. முதலாவது, ஊர் தானே கூடி வைத்தியரை அமர்த்துவது. ஊர்காவற்றுறைக் கடலுக்கு அப்பால், வலிகாமம் மேற்கிலுள்ள மூளாய் என்னும் ஊரில் 1930களில் எழுந்த கூட்டுறவு வைத்தியசாலை இவ்வழிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கூட்டுறவு என்றாற் கடன் கொடுப்பதும் புகையிலை விற்பதுமே என்றிருந்த காலத்தில், ஆசுப்பத்திரியையும் அம்முறையில் நடத்தலாம் என மூளாய் மக்கள் காட்டினர். அரசாங்கக் காப்புறுதி என்னும் சொல்லே நம் நாட்டில் வழங்காத காலத்தில், பலர் சேர்ந்து சிறுதொகை இட்டு, நோயுற்றவனைத் தாங்கும் தத்துவத்தை நம் மண்ணில் நட்டவர் அவர்களே.

இரண்டாவது, அரசாங்கமே யாவருக்கும் வைத்தியம் அளிப்பது. 1931 இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்டு வந்தவரிடம் மக்கள் பாடசாலையும் ஆசுப்பத்திரியும் கேட்டனர். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இலங்கையின் தென்மேற்குப் பகுதியிற் பெருவாரியாகப் பரவி, ஏறக்குறைய 80,000 பேரை மாய்த்தது. கிராமந்தோறும் மருந்துச்சாலை வேண்டும் என்னும் எண்ணம் அப்பேரழிவினால் வலுவுற்றது. 1950களின் தொடக்கத்தில் அரசாங்க ஆசுப்பத்திரிகளில் இலவச வைத்தியம் என்னும் கொள்கை நிலைபெற்றது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்து, 1977 இல் நீங்கியது.

இதன் பயன் கண்கூடு. 1946 இல் இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 140 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. அம்மம்மாவின் தம்பி இன்று பிறந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்ல இவ்வெண்களே போதும். ஆகவே, அட்டையும் காப்புறுதியும் இல்லாமலே வைத்தியத்தைத் தந்த நாடு நம்முடையது என நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அரசாங்கம் தந்தது ஆசுப்பத்திரி, குடும்ப வைத்தியரையன்று. இன்ன ஊரார் இன்ன வைத்தியரின் பொறுப்பு என்னும் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. வைத்தியர் இடமாற்றம் பெற்றுச் செல்வார். அவரோடு நம் வீட்டு நோயின் வரலாறும் சென்றுவிடும்.

சீமையில் 'பட்டியல்' வைத்தியர்

இங்கிலாந்து வேறொரு வழியிற் சென்றது. அங்கு தொழிலாளர் தாமே நட்புதவிச் சங்கங்களை அமைத்து, வாரந்தோறும் சில பென்சு சேர்த்து, ஒரு வைத்தியரை ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டனர். ஜெர்மனியில் 1883 இல் பிஸ்மார்க் தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதியைச் சட்டமாக்கினார். அதனைப் பார்த்த லோயிட் ஜோர்ஜ் 1911 இல் இங்கிலாந்திலும் தேசியக் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றினார். தொழிலாளி வாரத்துக்கு 4 பென்சு, முதலாளி 3 பென்சு, அரசாங்கம் 2 பென்சு. நாலு பென்சு கொடுத்து ஒன்பது பென்சு பெறுவீர் என அவர் மக்களுக்கு எடுத்துரைத்தார்.

இங்கேதான் நம் தலைப்புக்குரிய வினா முதன்முதலிற் பெரிய அளவில் எழுந்தது. பணம் கொடுக்க அரசாங்கம் உண்டு. அப்பணத்தை ஏற்க வைத்தியர் உண்டா? வைத்தியர் சங்கத்தார் 1912 முழுவதும் எதிர்த்து நின்றனர். அரசாங்கத்தின் கூலியாட்கள் ஆகமாட்டோம் என்றனர். தருவதாகக் கூறிய தொகை போதாது என்றும் முறையிட்டனர். லோயிட் ஜோர்ஜ் தொகையை உயர்த்தினார். அதன்பின் 1913 சனவரியில், மருத்துவ உதவி தொடங்கும் வேளையில், ஆயிரக்கணக்கான வைத்தியர் பட்டியலிற் பெயர் பதிந்தனர். தொழிலாளி அப்பட்டியலில் தனக்கு விருப்பமானவரைத் தெரிந்துகொள்ளலாம். வைத்தியர் விரும்பினால் அவரை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். மருந்துக்கு இவ்வளவு என்றில்லாமல், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு இவ்வளவு என வைத்தியருக்குக் கூலி அளக்கப்பட்டது. நோயாளி சுகமாயிருந்தாலும் வைத்தியருக்கு வருமானம் உண்டு என்பது இம்முறையின் நுட்பம்.

ஆயினும் ஒரு பெருங்குறை இருந்தது. காப்புறுதி உழைப்பவனுக்கே, அவன் மனைவிக்கும் மக்களுக்கும் இல்லை. குடும்பத்தலைவன் பட்டியல் வைத்தியரிடம் செல்ல, தாய் தன் நோயை மறைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். இக்குறை தீர 1948 யூலை 5 ஆம் நாள் வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அவ்வேளையிலும் வைத்தியர் எதிர்த்தனர். அமைச்சர் அனூரின் பெவன் சில சலுகைகள் அளித்து அவர்களை இணைத்தார். இங்கிலாந்தில் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப வைத்தியரின் பட்டியலிற் பதிந்திருக்கும் வழக்கம் அன்று யாவர்க்கும் உரியதாயிற்று.

கனடாவிற் கதவடைப்பு

பெரியமாமாவின் சட்டைப் பையிற் கிடக்கும் அட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1904 இல் ஸ்கொத்லாந்திற் பிறந்து கனடாவுக்குக் குடியேறிய ரொமி டக்ளஸ் என்னும் சிறுவனுக்குக் காலெலும்பில் நோய் கண்டது. குடும்பத்தாரிடம் பணமில்லை. காலை வெட்டி நீக்குவதே வழி என்றிருந்தபோது, மாணவருக்குப் போதிப்பதற்காக ஒரு சத்திர வைத்தியர் கட்டணமின்றி அவனுக்குச் சிகிச்சை செய்து காலைக் காத்தார். ஒரு பிள்ளையின் கால் ஒருவரின் தற்செயலான இரக்கத்தில் தங்கியிருத்தல் தகாது என அவர் பிற்காலத்தில் எண்ணினார். சஸ்கச்சுவான் மாகாணத்தின் முதல்வரானபின் யாவருக்கும் அரசாங்க வைத்தியக் காப்புறுதி என்னும் திட்டத்தை வகுத்தார். 1962 யூலை 1 ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தபோது மாகாணத்து வைத்தியர் பெரும்பாலோர் கதவடைத்தனர். அப்பொழுது முதல்வராயிருந்தவர் வுட்றோ லொயிட். இங்கிலாந்து முதலிய இடங்களிலிருந்து வைத்தியர் வருவிக்கப்பட்டனர். 23 நாட்களின் பின் உடன்பாடு ஏற்பட்டது. 1966 இல் கனடா முழுவதற்கும் சட்டம் வந்தது. 1984 ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம், அரசாங்கக் கூலிக்கு மேல் நோயாளியிடம் பணம் வாங்குவதைத் தடுக்க வழி செய்தது. ஒன்ராறியோ மாகாணம் 1986 இல் அதனைத் தன் சட்டமாக்கியபோது அங்கும் வைத்தியர் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது.

ஆகவே, ஒன்ராறியோவில் "அரசாங்கக் காப்புறுதியை ஏற்பீரா?" என வைத்தியரைக் கேட்க வேண்டியதில்லை. "என்னை ஏற்பீரா?" என்பதே அங்குள்ள கேள்வி. 2024 ஆம் ஆண்டில் அம்மாகாணத்திற் குடும்ப வைத்தியர் இல்லாதோர் ஏறக்குறைய 25 இலட்சம் பேர் என அங்குள்ள குடும்ப வைத்தியர் கல்லூரி தெரிவித்தது. முதிய வைத்தியர் இளைப்பாறுகின்றனர். புதியோரிற் பலர் குடும்ப வைத்தியத்தை விட்டு வேறு துறைகளை நாடுகின்றனர். எழுத்து வேலையோ பெருகுகின்றது. பணம் கொடுப்பவன் இருந்தும் வைத்தியன் இல்லை என்னும் நிலை இப்படியே தோன்றியது.

அயல்நாடாகிய அமெரிக்காவிலோ முன்னைய கேள்வியே இன்றும் உள்ளது. அங்கு 1965 இல் முதியோருக்கு மெடிகெயர் என்றும், வறியோருக்கு மெடிகெயிட் என்றும் இரு திட்டங்கள் வந்தன. வறியோருக்கான திட்டம் வைத்தியருக்குக் குறைந்த கூலியே தருவதால், அதனை ஏற்காத வைத்தியர் பலர். அட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்பது போல் வைத்தியசாலை தோறும் கேட்க வேண்டியுள்ளது.

தமிழகத்து அட்டை

நம் தாய்த் தமிழகத்தையும் சிறிது நோக்குவோம். 2009 யூலையிற் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அது 2012 இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டெம்பரில் இந்திய மத்திய அரசு, ஆண்டொன்றுக்குக் குடும்பமொன்றுக்கு ஐந்து இலட்சம் ரூபா வரை உதவும் திட்டத்தைக் கொணர்ந்தது. ஏழை ஒருவர் தனியார் ஆசுப்பத்திரியில் இருதய சத்திரசிகிச்சை பெறுதல் இதனாற் கூடிற்று. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் இவ்வட்டைகள் ஆசுப்பத்திரியிற் கிடந்து பெறும் சிகிச்சைக்கே பெரிதும் உதவுவன. சலரோகத்துக்கு மாதந்தோறும் பார்க்கும் தெருமுனை வைத்தியரிடம் அவை செல்லா. கால் அழுகிய பின் வெட்டுவதற்குப் பணம் உண்டு. அழுகாமற் காப்பதற்கு இல்லை என்றால் அது முறையாகுமா? இக்குறையைக் கண்டே போலும், 2021 ஆகத்தில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் பணியைத் தொடக்கி, சலரோகம், இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கான மருந்தை வீடு தேடிக் கொடுக்கலாயிற்று.

நம் நாட்டிலும் அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார என்னும் காப்புறுதி உண்டு. சம்பளத்திற் சிறுதொகை கழிக்கப்பட்டு, ஆசுப்பத்திரிச் செலவின் ஒரு பகுதி மீளக் கொடுக்கப்படுகின்றது. ஆயின் தோட்டஞ் செய்பவருக்கும் கடற்றொழில் செய்பவருக்கும் அது இல்லை. அவர்களுக்கு உள்ளது இலவச ஆசுப்பத்திரியே. மாலையிற் தனிப்பட வைத்தியம் பார்க்கும் வைத்தியரிடம் சென்றாற் கைக்காசுதான் கொடுக்க வேண்டும்.

வரலாறு காட்டும் பாடம்

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, அட்டையைத் தருவது சட்டம். வைத்தியரைத் தருவது சட்டத்தால் மட்டும் ஆகாது. 1912 இல் லண்டனிலும், 1962 இற் சஸ்கச்சுவானிலும், இன்று ரொறன்ரோவிலும் இதுவே நிகழ்ந்தது. இரண்டாவது, வைத்தியருக்கு உரிய கூலியும் மதிப்பும் இல்லாதவிடத்து நல்ல திட்டமும் பட்டுப்போகும். வைத்தியரைப் பேராசைக்காரர் என்று ஏசிவிட்டு அமைதி கொள்வது எளிது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நம் நாட்டு வைத்தியர் பலர் கடல் கடந்து சென்றதை நாம் கண்டோம். எஞ்சி நின்றோரை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூன்றாவது, நோயாளியின் வரலாறு ஓரிடத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பரிகாரியாருக்கு அது மனத்தில் இருந்தது. சீமை வைத்தியருக்குப் பதிவேட்டில் இருந்தது. நமக்கு எங்கே இருக்கின்றது?

இதனை அரசாங்கமும் உணராமல் இல்லை. 1978 ஆம் ஆண்டில் அல்மா அற்றா மாநாட்டில், வைத்தியம் வீட்டுக்கு அருகே தொடங்க வேண்டும் என உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. அதே ஆண்டிற் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் இன்று சமுதாய, குடும்ப மருத்துவத்துக்கெனத் தனித்துறை உண்டு. 2018 இல் இலங்கை அரசாங்கம் ஒரு புதுக் கொள்கையை ஏற்றது. அதன்படி ஒவ்வொரு சிறிய ஆசுப்பத்திரிக்கும் இன்ன ஊரார் என்னும் எல்லை வகுக்கப்பட வேண்டும். அவ்வூரவரின் நோய் வரலாறு பதியப்பட வேண்டும். அவர்கள் தேவையின்போது அருகிலுள்ள பெரிய ஆசுப்பத்திரியிலுள்ள நிபுணரிடம் அனுப்பப்பட வேண்டும். பரிகாரியாரின் பழைய உறவும் பட்டியல் வைத்தியரின் புதிய முறையும் ஒன்று சேர்ந்ததே இக்கொள்கை. காகிதத்தில் உள்ள இது, தீவகத்தின் மணல் தெருவுக்கு எப்பொழுது முழுமையாக வந்து சேரும் என்பதே நம் கவலை.

இளைஞர்க்கு ஒரு விண்ணப்பம்

அன்பர்காள்! வைத்தியரை நியமிக்க நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வள்ளுவனார் கூறிய நான்காம் கூறு, அருகிருந்து பணி செய்பவன், நம் கையில் உள்ளது. எம்மூரில் முதியோர் பலர் தனித்து வாழ்கின்றனர். மக்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, பெற்றோர் சங்கிலிப் படலைக்குள் இருக்கின்றனர். ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு தடித்த கொப்பி வாங்கிக் கொடுப்போம். அவர் குடிக்கும் மருந்து, அளவு, ஒவ்வாத மருந்து, முன் செய்த சத்திரசிகிச்சை ஆகிய அனைத்தையும் அதில் எழுதுவோம். கிளினிக் நாளில் ஓர் இளைஞர் உடன் சென்று, அக்கொப்பியை வைத்தியரின் மேசையில் வைப்பார். வேறோர் இடத்திற் பெற்ற மருந்தையும் மறைக்காது காட்டுவார். வைத்தியர் மாறினாலும் கொப்பி மாறாது.

என் அம்மம்மாவுக்கு இவ்வாறு ஒரு கொப்பி எழுதி ஓராண்டாகின்றது. சென்ற மாதம் புதிதாக வந்த இளம் வைத்தியர் அதனை வாங்கி, முதற் பக்கத்திலிருந்து பொறுமையாக வாசித்தார். பின்னர், "அம்மா, போன மார்கழியிலை கால் வீங்கினது, இப்ப எப்பிடி?" என்று கேட்டார். அம்மம்மா வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "என்னைத் தெரிஞ்ச மாதிரிக் கேட்டவர்" என்றார். அன்று மாலை ரொறன்ரோவுக்குத் தொலைபேசியில் அவர் முதலிற் கூறிய செய்தியும் அதுவே.

மூளாய் மக்கள் ஒன்றுகூடி ஓர் ஆசுப்பத்திரியைக் கட்டினார்கள். நம்மால் நூறு கொப்பிகளையாவது எழுத முடியாதா? அடுத்த மலர் வெளிவருமுன் அவை எழுதப்பட்டிருக்குமாயின், இச்சிறு கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.